இடைக்கால ஐரோப்பாவில் எத்தனை வகை வாள்கள் இருந்தன?

கேள்வி கேட்டவர் ஒரு கணினி விளையாட்டில் ஆறு வாள்களைப் பார்த்திருக்கிறார்: லாங் சோர்ட், பிராட் சோர்ட், பாஸ்டர்ட் சோர்ட், ஃபால்ஷன், எஸ்டாக், கிளேமோர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை, ஒரு வேகம், ஒரு வெட்டு வலிமை என்று எண்கள் கொடுத்திருக்கிறார்களாம். இடைக்கால ஐரோப்பாவில் உண்மையிலேயே இத்தனை வகைகள் இருந்தனவா, அவை பத்துக் கிலோ எடை இருந்தன என்று சொல்வது சரியா, போருக்குப் புறப்படும் ஒருவன் எந்த வாளை எடுத்துக்கொள்வது என்று எப்படித் தீர்மானித்தான் என்று கேட்கிறார். மூன்று கேள்விகளாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: மனிதனை வெட்டவும் குத்தவும் செய்த ஒரே கருவி ஏன் இத்தனை வடிவங்கள் எடுத்தது? அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் தாமாகவே தெளிந்துவிடும்.

நான் படித்தது உலோகவியல். பணி நிமித்தமாக ஜெர்மனியில் இருந்த ஆறு ஆண்டுகளில், பழைய வாட்பயிற்சிச் சுவடிகளைப் பார்த்து மழுங்கிய வாள்களால் பழகும் ஒரு சிறு குழுவோடு வாரந்தோறும் பயிற்சி செய்தேன். அங்கிருந்து தொற்றிக்கொண்ட ஆர்வம் இருபது ஆண்டுகளாகத் தொடர்கிறது. ஆகவே எஃகு பற்றியும், கையில் ஒரு வாள் எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றியும் ஓரளவு உறுதியாகப் பேச முடியும். லத்தீன், பழைய ஜெர்மன் நூல்களை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். உண்மையான பழைய வாள்களில் பெரும்பாலானவற்றைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எடையை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் ஐயத்துக்கே இடமில்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு வாள் இருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் விதம் ஆற்றிலிருந்து 1825இல் கிடைத்தது. 1250க்கும் 1330க்கும் இடைப்பட்டது என்று கணிக்கிறார்கள். இரு பக்கமும் கூருள்ள, ஒரு கையால் பிடிக்கும் போர்வாள். நீளம் 96.4 சென்டிமீட்டர், எடை 1.2 கிலோ. விதிவிலக்கான வாள் அல்ல, அந்தக் காலத்துக்குச் சராசரியான வாள். ஒற்றைக் கை வாள்கள் பெரும்பாலும் 1 கிலோவிலிருந்து 1.4 கிலோவுக்குள் அடங்கும். இரு கையாலும் பிடிக்கத்தக்க நெடுவாள்கள் 1.2 முதல் 1.8 கிலோ வரை. இடைக்காலம் முடிந்த பிறகு வந்த மிகப் பெரிய இரட்டைக் கை வாள்கள்கூட 2 முதல் 3.5 கிலோவுக்குள்தான். பத்துக் கிலோ என்ற கதைக்குக் காரணங்கள் சில உண்டு. நெதர்லாந்தில் லியூவார்டன் நகர அருங்காட்சியகத்தில் 2.13 மீட்டர் நீளமும் 6.6 கிலோ எடையும் கொண்ட ஒரு வாளை, 1520இல் இறந்த ஃபிரீசியக் கிளர்ச்சித் தலைவர் பியர் கெர்லோஃப்ஸ் டோனியாவினுடையது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப் பொருத்தம் ஐயத்துக்குரியது. அதுபோன்ற வாள்கள் பவனியில் தோளில் சாய்த்துத் தூக்கிச் செல்லச் செய்யப்பட்டவை. இன்னொரு காரணம் கடைகளில் விற்கும் அலங்கார வாள்கள். நானே ஒருமுறை இணையத்தில் ஒன்று வாங்கினேன். இரண்டரைக் கிலோ இருந்தது; அலகு அடியிலிருந்து நுனி வரை ஒரே தடிமன். பிடிக்குள் போகும் வால் பகுதி, பற்றவைத்த பென்சில் பருமன் கம்பி. இரண்டாவது வீச்சில் அலகு பறந்துபோய் மாமரத்தடியில் விழுந்தது, பிடி மட்டும் என் கையில் இருந்தது. நல்லவேளை, எதிரில் யாரும் இல்லை.

உண்மையான வாள் அப்படி இருக்காது. அடியில் ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமனாகத் தொடங்கி, நுனியை நெருங்கும்போது இரண்டு மில்லிமீட்டருக்கு வந்துவிடும். பிடியின் கோடியில் இருக்கும் குமிழ், அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததல்ல. அலகின் எடையைக் கைப்பக்கம் இழுத்து நிறுத்தும் எதிரெடை. இதனால் வாளின் சமநிலைப் புள்ளி, பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக நிற்கும் கைக்காப்புக்கு வெளியே ஏறத்தாழ ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிடுகிறது. அலகின் நடுவே நீளவாக்கில் ஓடும் பள்ளத்தை ‘ரத்தம் வழிந்தோடும் வாய்க்கால்’ என்று பலரும் எழுதுகிறார்கள், அது கட்டுக்கதை. கட்டடத்தில் போடும் இரும்பு உத்தரத்தின் நடுப்பகுதியை ஏன் மெலிதாக வைக்கிறார்களோ அதே காரணம்தான்: விறைப்பை அதிகம் இழக்காமல் எடையைக் குறைப்பது.

அடுத்து பெயர்கள். விளையாட்டில் உள்ள ஆறு பெயர்களையும் ஒரு 13ஆம் நூற்றாண்டுக் குதிரைவீரனிடம் சொல்லியிருந்தால் அவற்றில் ஒன்றிரண்டுதான் அவனுக்குப் புரிந்திருக்கும். லத்தீனில் எழுதியவர்கள் ‘கிளாடியுஸ்’, ‘என்சிஸ்’ என்ற சொற்களை வேறுபாடு பார்க்காமல் மாற்றி மாற்றி எழுதினார்கள். இடுப்பில் தொங்குவது வாள், அதைவிடப் பெரியதாக இருந்தால் ‘பெரிய வாள்’ அல்லது ‘போர்வாள்’, அவ்வளவுதான். ‘பிராட் சோர்ட்’, அதாவது அகலவாள் என்ற பெயர், 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு குத்துவதற்கான ஒல்லி வாள்கள் பரவலான காலத்தில், அவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல எழுந்தது. எதிரில் ஒல்லி வாள் இல்லாத காலத்தில் அகலவாள் என்று ஒன்றைத் தனியே சுட்ட வேண்டிய தேவையே இல்லை. ‘பாஸ்டர்ட்’ வாள் என்ற சொல் இடைக்காலத்தின் கடைசியில் வழங்கியது உண்மை. ஆனால் ஒரு கைக்கும் இரு கைக்கும் இடைப்பட்ட பிடியுள்ள வாளை மட்டுமே அது குறித்தது என்ற இன்றைய துல்லியம் அன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் பெயரை விட்டுவிட்டு அலகைப் பாருங்கள் என்பதே நான் மாணவர்களுக்குச் சொல்வது.

அலகைப் பார்த்து வகை பிரித்தவர்களில் முக்கியமானவர் எவர்ட் ஓக்‌ஷாட் என்ற ஆங்கிலேயர். அவருக்கு முன்னால் நார்வேயின் யான் பீட்டர்சன் 1919இல் வைக்கிங் வாள்களைக் கைப்பிடி வடிவத்தை வைத்து எழுத்துவரிசைப்படி பிரித்திருந்தார். ஓக்‌ஷாட் 1960களில் வெளியிட்ட பகுப்பு 10 என்ற ரோமன் எண்ணில் தொடங்கி 22 வரை போகிறது. அவர் பார்த்தது முதன்மையாக நான்கு விஷயங்களை: அலகு நுனி நோக்கி எவ்வளவு ஒடுங்குகிறது, அதைக் குறுக்கே அறுத்தால் வெட்டுமுகம் எப்படி இருக்கும், நடுப்பள்ளம் எதுவரை ஓடுகிறது, பிடி எத்தனை கைக்கு இடம் தருகிறது. இன்றும் அருங்காட்சியக அட்டைகளில் ‘வகை 12’, ‘வகை 15’ என்று பார்ப்பது இவர் எண்களைத்தான். இவை அவர் வசதிக்காகப் போட்ட பெட்டிகள். கொல்லர்கள் இப்படி எண்ணிக்கொண்டு வாள் அடிக்கவில்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் விழும் வாள்கள் ஏராளம். ஒற்றைக் கூருள்ள வாள்கள் இந்தப் பகுப்பிலேயே சேரவில்லை.

தொடக்கம் வைக்கிங் காலத்து வாள். அகலமான அலகு, ஏறத்தாழ முழு நீளத்துக்கும் ஓடும் பள்ளம், உருண்ட நுனி, வெட்டுவதற்கென்றே ஆனது. 9ஆம் நூற்றாண்டுக்கு முன்பு, நல்ல எஃகு சிறு சிறு துண்டுகளாகத்தான் கிடைத்தது என்பதால், இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டி, அலகின் நடுப்பகுதியைச் செய்து, ஓரத்தில் எஃகுக் கூர் வைத்தார்கள். அந்த முறுக்கு அலகின் மேல் பாம்புத்தோல் போன்ற வரிகளாகத் தெரியும். உலைகள் பெரிதாகி, ஒரே சீரான எஃகு கிடைக்கத் தொடங்கியதும் இந்த வேலைப்பாடு படிப்படியாக மறைந்தது. இந்த வாள்களின் மதிப்புக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது: ரைன் ஆற்றுப் பகுதியில் வாழ்ந்த ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பழைய சட்டத்தில் உறையோடு கூடிய வாளுக்கு 7 சொலிதுஸ் பொற்காசு, உறையில்லாத வாளுக்கு 3 என்று விலை வைத்திருக்கிறார்கள். உறைக்கு வாளைவிடக் கூடுதல் மதிப்பு வருகிறதே என்று முதலில் படித்தபோது வியந்தேன். தோல், மரம், வார், உலோகப் பூண் எல்லாம் சேர்ந்த வேலை அது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு அடங்கும். ஃபிராங்கு அரசர்கள் இந்த வாள்கள் எதிரி கைக்குப் போகாமல் தடுக்கப் பார்த்தார்கள். 864இல் ‘வழுக்கைத் தலையர்’ சார்லஸ், வைக்கிங்குகளுக்கு ஆயுதம் விற்பவனுக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டார். ஸ்காண்டிநேவியப் புதைகுழிகளில் ஃபிராங்கு அலகுகள் குவியலாகக் கிடைப்பதைப் பார்த்தால் அந்த ஆணை எந்த அளவு பலித்தது என்று தெரிகிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் தவறாமல் கேட்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அலகில் ‘உல்ஃப்பெர்ட்’ என்று பெயர் பதித்த ஏறத்தாழ 170 வாள்கள் ஐரோப்பாவில் கிடைத்திருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை வருவதால் அது ஒரே கொல்லனின் பெயராக இருக்க முடியாது. பட்டறை முத்திரை என்று கொள்ளலாம். அவற்றில் சிலவற்றின் எஃகை ஆராய்ந்த ஆலன் வில்லியம்ஸ், கரிச்சத்து மிக அதிகமாகவும் கசடு மிகக் குறைவாகவும் இருப்பதால் அது மூசையில், அதாவது மூடிய மண் கலத்தில், உருக்கிய கிழக்கத்திய எஃகாக இருக்கலாம், வோல்கா ஆற்று வணிக வழியில் வந்திருக்கலாம் என்றார். உடனே ‘வைக்கிங் வாள் தமிழ்நாட்டு உருக்கால் செய்தது’ என்று இங்கே செய்தி பரவியது. உறுதியானது இவ்வளவே: மூசையில் எஃகு உருக்கும் தொழில் தென்னிந்தியாவில் மிகப் பழமையானது, ஐரோப்பியர்கள் அதை அழைத்த ‘வூட்ஸ்’ என்ற பெயர் ‘உருக்கு’, ‘உக்கு’ என்னும் தென்னிந்தியச் சொல்லின் திரிபு என்பது பெரும்பாலோர் ஏற்றது. ஆனால் மூசை எஃகு அதே காலத்தில் மத்திய ஆசியாவில் மெர்வ் போன்ற நகரங்களிலும் செய்யப்பட்டது. வோல்கா வழிக்கு அதுவே அருகில். வில்லியம்ஸின் கருத்தையே ஏற்காதவர்களும் உண்டு. 2012இல் ஜெர்மனியின் வேசர் ஆற்றருகே கிடைத்த ஓர் உல்ஃப்பெர்ட் வாளின் அலகில் இருந்த மாங்கனீசு அளவும், குமிழில் பூசியிருந்த ஈயமும் ஐரோப்பிய மூலத்தையே காட்டின. ஈயம் ஜெர்மனியின் டவுனுஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தது. ஆகவே தமிழகத்து உருக்குக்கும் இந்த வாள்களுக்கும் நேரடித் தொடர்பு காட்டும் சான்று இன்றுவரை இல்லை. இருந்தால் எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

11ஆம் நூற்றாண்டிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வரை எதிரி உடுத்தியிருந்தது வளையக் கவசம்: ஆயிரக்கணக்கான சிறு இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துத் தறைந்த சட்டை. நல்ல வளையக் கவசத்தை வாள் வெட்டு எளிதில் அறுக்காது. ஆனால் அதன் அடியில் எலும்பு முறியலாம், கவசம் மூடாத முகமும் கையும் காலும் எப்போதும் திறந்தே இருக்கின்றன, களத்தில் பலருக்கு முழுக் கவசமும் இல்லை. எனவே வெட்டும் வாளே தொடர்ந்து நீடித்தது. மாற்றங்கள் சிறியவை: அலகு சற்றே நீண்டது, நுனி கொஞ்சம் கூர்மையானது, பள்ளம் முக்கால் நீளத்தோடு நின்றது. ஓக்‌ஷாட்டின் 12ஆம் வகை இதுதான். ‘வீரனின் வாள்’ என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் சிலுவை வடிவ வாள். முன்பு சொன்ன விதம் ஆற்று வாள் இந்தக் குடும்பத்துக்கு நெருங்கியது. அதன் அலகில் பொன் கம்பி பதித்து 18 ரோமன் எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள். என், டி, எக்ஸ், ஓ, எக்ஸ் என்று தொடங்கும் அந்த வரி எந்தச் சொல்லாகவும் சேரவில்லை. லத்தீன் வேண்டுதல் ஒன்றின் முதலெழுத்துகள் என்பது பலரின் ஊகம். 2015இல் பிரிட்டிஷ் நூலகம் பொதுமக்களிடமே விளக்கம் கேட்டது, ஆயிரக்கணக்கானோர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், எல்லாரும் ஒப்பும் விடை வரவில்லை. செய்தவனுக்கும் வாங்கியவனுக்கும் அது பட்டப்பகல் போலத் தெரிந்திருக்கும்.

13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இன்னொரு கிளை பிரிந்தது. அலகின் இரு விளிம்பும் கிட்டத்தட்ட இணையாகவே ஓடி, உருண்ட நுனியில் முடியும் பெரிய வாள். பிடியும் இரண்டாவது கை தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நீண்டது. குதிரை மேலிருந்து ஒரு கையால் வீசலாம், தரையில் இறங்கினால் இரு கையாலும் பிடிக்கலாம். ஓக்‌ஷாட் எண்ணில் 13. அக்காலப் பதிவுகளில் ‘போர்வாள்’, ‘பெரிய வாள்’ என்று வருவது இதைத்தான் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன், ஆனால் எந்தப் பதிவிலும் பக்கத்தில் படம் போட்டு வைத்திருக்கவில்லை. கவசம் கெட்டியாகிக்கொண்டே வந்ததற்கு முதல் பதில் ‘இன்னும் பலமாக வெட்டு’ என்பதாக இருந்தது. அந்தப் பதில் அதிக நாள் செல்லுபடியாகவில்லை.

14ஆம் நூற்றாண்டில் இரும்புத் தகடுகள் வந்தன. முதலில் முழங்கால், முழங்கை. பிறகு துணிக்குள் தைத்த மார்புத் தகடுகள். நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய உடல் முழுதும். இந்த இடைமாற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவிலுள்ள விஸ்பி நகருக்குப் போக வேண்டும். 1361இல் டென்மார்க் படையிடம் தோற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை அங்கே கூட்டாகப் புதைத்தார்கள், பலரைக் கவசத்தைக் கழற்றாமலே. எலும்புகளில் வெட்டுக் காயங்கள் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே மிகுதியாக இருக்கின்றன. கேடயமும் மார்புத் தகடும் மறைத்த இடத்தை விட்டுவிட்டு, மறைக்காத இடத்தைத் தேடி வாள் இறங்கியிருக்கிறது.

முழுத் தகட்டுக் கவசத்தை எந்த வாளும் வெட்டாது. இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. துவைச்சல் போட்ட எஃகுத் தகட்டின் மேல், அதுவும் உருண்டு வளைந்த தகட்டின் மேல், ஒரு மனிதனின் கை வீச்சு எவ்வளவு பலமாக இருந்தாலும் கீறலோ சிறு பள்ளமோதான் விழும். கெட்டுப்போவது வாளின் கூர்தான். ஆகவே வாள் தன் வேலையை மாற்றிக்கொண்டது. அகன்ற தட்டையான அலகு போய், குறுக்கே அறுத்தால் வைர வடிவம் தரும், நடுவில் பள்ளத்துக்குப் பதில் முதுகெலும்பு போன்ற மேடுள்ள, நுனி ஊசிபோல் ஒடுங்கும் விறைத்த அலகு வந்தது. இதுதான் 15ஆம் வகை. அக்குள், கழுத்து, முழங்கை மடிப்பு, முகமூடியின் கண் பிளவு ஆகிய இடுக்குகளில் குத்துவதற்காகச் செய்தது. இதன் நீண்ட பிடியுள்ள வடிவமும், வெட்டையும் குத்தலையும் சமரசம் செய்யும் பிற்கால வடிவங்களும் சேர்ந்தே இன்று நாம் நெடுவாள் என்று சொல்வது. உங்கள் விளையாட்டின் லாங் சோர்டும் பாஸ்டர்ட் சோர்டும் பெரும்பாலும் ஒரே பொருளின் இரண்டு பெயர்கள்.

நெடுவாளை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஜெர்மன் ஆசான் லீக்டனவரின் மரபில் வந்த சுவடிகள், 1410ஐ ஒட்டி இத்தாலியர் ஃபியோரே தேய் லிபெரி எழுதிய நூல், 15ஆம் நூற்றாண்டு நடுவில் டால்ஹோஃபர் வரையச் செய்த படச்சுவடிகள் ஆகியவை அச்சாகவே கிடைக்கின்றன. கவசம் பூண்டவர்கள் மோதும் படங்களில் ஒரு கை பிடியிலும் மற்றொரு கை அலகின் நடுவிலுமாக, வாளைக் குட்டையான ஈட்டி போலப் பிடித்திருப்பார்கள். சில படங்களில் வாளைத் தலைகீழாக இரு கையாலும் அலகைப் பற்றி, குமிழையும் கைக்காப்பையும் சுத்தியல்போல எதிரியின் தலைக்கவசத்தில் இறக்குவார்கள். முதல் நாள் பயிற்சியில் என்னை அலகைப் பிடிக்கச் சொன்னபோது, மழுங்கிய வாள் என்று தெரிந்தும் என் கை பின்வாங்கியது. நுணுக்கம் மிக எளிது: விரல்களையும் உள்ளங்கையையும் அழுந்தப் பிடித்துவிட்டால் கூர் தோலில் வழுக்காது, வழுக்காத கூர் அறுக்காது. கூரான வாளில் நான் இதை முயன்றதில்லை, முயலவும் போவதில்லை. ஆனால் படங்களில் வெறுங்கையாலும் பிடித்திருக்கிறார்கள்.

எஸ்டாக் என்பது இந்தப் போக்கின் கடைசிக் கட்டம். வெட்டும் கூரே இல்லாமல், முக்கோணமாகவோ சதுரமாகவோ வெட்டுமுகமுள்ள நீண்ட இரும்பு முள். குத்துவதைத் தவிர வேறு வேலை தெரியாது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கவசமணிந்த குதிரைவீரர்களிடம் இருந்தது. அவர்களிடமும் அது இரண்டாவது வாளாகவே இருந்திருக்கும்.

ஃபால்ஷன் இந்த வரிசையில் சேராத தனி ஆள். ஒற்றைக் கூர், நுனிப்பக்கம் அகன்ற அலகு. இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயத்தில் உள்ள கோனியர்ஸ் ஃபால்ஷன் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. சாக்பர்ன் என்ற ஊரில் ஒரு பறக்கும் நாகத்தை இதனால் கோனியர்ஸ் வம்சத்து வீரன் கொன்றான் என்று கதை. அந்த வம்சத்தார் டர்ஹமுக்கு வரும் ஒவ்வொரு புதிய ஆயருக்கும் டீஸ் ஆற்றுப் பாலத்தில் இந்த வாளை நீட்டிக் காட்டி நிலவுரிமையைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் நின்றுபோன அந்தச் சடங்கை 1984இல் மீண்டும் தொடங்கினார்கள். படத்தில் பார்த்தால் கசாப்புக் கத்தி போலக் கனமாகத் தெரியும். உண்மையில் 1.3 கிலோதான், அகன்ற நுனிப் பகுதி வியப்பூட்டும் அளவுக்கு மெல்லியது. ஆக, இது கவசத்தைப் பிளக்கும் கோடரி அல்ல. கவசம் இல்லாத உடம்பையும் துணிக் கவசத்தையும் ஆழமாக அறுக்கும் கருவி. ஏழைகளின் வாள் என்று இதைச் சொல்லும் வழக்கம் உண்டு. கோனியர்ஸ் ஃபால்ஷனின் குமிழில் இங்கிலாந்து அரசின் மூன்று சிங்கங்கள் பொறித்திருக்கின்றன; ஏழைகளுக்கான பொருளில் அதை யாரும் செதுக்கமாட்டார்கள்.

ஜெர்மானியப் பகுதிகளில் 15ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு தங்கை உண்டு, பெயர் மெஸ்ஸர். ஜெர்மனில் அதற்குக் ‘கத்தி’ என்றே பொருள். வாள் நீளமே இருக்கும், ஆனால் பிடி கத்திப்பிடிதான்: அலகின் வாலை இரு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து ஆணி அடித்திருப்பார்கள். வாள் செய்வோர் சங்கத்தின் உரிமையைத் தாண்ட கத்தி செய்வோர் கண்டுபிடித்த தந்திரம் இது என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை நிறுவும் ஆவணத்தை யாரும் என் முன் வைத்ததில்லை. மெஸ்ஸருக்கென்று 1482இல் மிக விரிவான படச்சுவடி செய்தவர் லெக்யூக்னர் என்ற பாதிரியார் என்பது மட்டும் உறுதி.

கிளேமோரும் ஜெர்மானியக் கூலிப்படையினரின் இரட்டைக் கை வாளும் உண்மையில் இடைக்காலத்தின் வாசலுக்கு வெளியே நிற்பவை. கிளேமோர் என்பது ‘பெரிய வாள்’ என்று பொருள்படும் கேலிக் மொழிச் சொல். சாய்ந்த கைக்காப்பும் அதன் நுனிகளில் நாலிதழ் வளையங்களும் கொண்ட அந்த ஸ்காட்லாந்து வாள் 15ஆம் நூற்றாண்டின் முடிவில்தான் வருகிறது. 1305இல் கொல்லப்பட்ட வில்லியம் வாலஸின் வாள் என்று ஸ்டர்லிங்கில் காட்டுவது பல காலத்துப் பாகங்களைச் சேர்த்தது, அவர் கையில் இந்த வடிவத்தில் இருந்திருக்க வழியில்லை. ஜெர்மானிய இரட்டைக் கை வாள் 16ஆம் நூற்றாண்டுக்குரியது. எதிரியின் நீண்ட ஈட்டிக் கம்புகளை வெட்டித் தள்ளவே அது செய்யப்பட்டது என்பது அடிக்கடி சொல்லப்படுகிறது. காய்ந்த மரக் கம்பு எதிரே பிடிமானமின்றி அசையும்போது அதை வெட்டிப் பார்த்தவர்கள் இதை அவ்வளவு எளிதில் சொல்லமாட்டார்கள். கம்புகளை ஒதுக்கித் தள்ளி உள்ளே புகுவதற்கும், கொடியையும் தலைவனையும் காப்பதற்கும் அது உதவியது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்த ஆண்டுக்கணக்குகளை எந்த அளவு நம்பலாம் என்றும் சொல்ல வேண்டும். ஆற்றில் கிடைத்த வாளுக்குத் தேதி கிடையாது. நல்ல அலகு மூன்று தலைமுறைக்குக் கைமாறும். இடையில் பிடியும் குமிழும் புதிதாகும். கல்லறைச் சிற்பத்தில் உள்ள வாள், இறந்தவன் காலத்தையா சிற்பி காலத்தையா காட்டுகிறது என்பதும் கேள்வியே. உறுதியான பிடிமானம் சில இடங்களில் கிடைக்கிறது. எகிப்தின் அலெக்சாந்திரியா ஆயுதச் சாலையில், பரிசாகவோ போர்க்கொள்ளையாகவோ வந்து சேர்ந்த ஐரோப்பிய வாள்களில், அவற்றை வைப்பில் சேர்த்த ஆண்டை 14, 15ஆம் நூற்றாண்டுகளில் அரபியில் பொறித்திருக்கிறார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு அந்த வாள் செய்யப்பட்டிருக்க முடியாது என்று திட்டமாகச் சொல்லலாம். எத்தனை ஆண்டு முன்பு செய்தார்கள் என்பதை அந்தக் கல்வெட்டு போன்ற வரியும் சொல்லாது. ஓக்‌ஷாட்டே தம் பழைய கணிப்புகள் சிலவற்றைப் பின்னாளில் திருத்திக்கொண்டார்.

இனி, எந்த வாளை எடுத்துச் செல்வது என்று எப்படித் தீர்மானித்தான் என்ற கேள்வி. பெரும்பாலானவர்கள் தீர்மானிக்கவே இல்லை. இருந்ததை எடுத்துச் சென்றார்கள். வாள் எவரிடமும் முதல் ஆயுதமாக இருந்ததும் அரிது. குதிரைவீரனுக்கு முதலில் ஈட்டி, காலாளுக்கு ஈட்டியோ வில்லோ கோடரியோ. அது முறிந்த பிறகு அல்லது நெருக்கத்தில் பயனற்றுப்போன பிறகு வாள். 1181இல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி வெளியிட்ட ஆயுத ஆணை, வீரன் வைத்திருக்க வேண்டியவை என்று கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி ஆகியவற்றைச் சொல்கிறது. வாளைச் சொல்லவே இல்லை. 1285இன் வின்செஸ்டர் சட்டமோ, ஆண்டுக்கு 40 ஷில்லிங் நிலவருமானம் உள்ளவனிடமே வாள், வில், அம்பு, கத்தி இருக்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டில் வாள் சிறு நிலவுடைமையாளன் வீட்டுச் சுவரில் தொங்கும் பொருளாகிவிட்டது. தகட்டுக் கவசக் காலத்தில் பணமுள்ளவன் குதிரைச் சேணத்தில் ஒரு வாளும் இடுப்பில் ஒரு வாளும் வைத்துக்கொண்டான். கவசத்தை உடைக்க வேண்டியபோது இரண்டையும் விட்டுவிட்டுக் கதாயுதத்தையோ போர்ச் சுத்தியலையோ எடுத்தான்.

உங்கள் விளையாட்டு 1250ஆம் ஆண்டில் நடப்பதாக இருந்தால் ஆறில் ஃபால்ஷனை வைத்துக்கொள்ளுங்கள், அகலவாள் என்ற பெயரை வெறும் வாள் என்று மாற்றிக்கொள்ளுங்கள், மற்ற நான்கையும் எடுத்துவிடுங்கள். 1420இல் நடந்தால் நெடுவாளைச் சேருங்கள், பாஸ்டர்ட் வாளை அதோடு ஒன்றாக்குங்கள். எஸ்டாக்கைச் சேர்த்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கிளேமோரைச் சேர்க்க இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருக்க வேண்டும். எடை எண்களை மட்டும் எந்த ஆண்டாக இருந்தாலும் ஐந்தால் வகுத்துவிடுங்கள்.